மூன்றாவது தடவை

என்னை லாத்தா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. வாலிநோக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒட்டுச்சுவர்க்காரி. என்னைவிட ஆறேழு வயது இளையவள். கணவர் சவூதியில், மகன் மதுரையில் காலேஜில். அவர்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நாங்கள் குடிவந்த முதல் நாள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள் பழக்கதோஷத்தில் "லாத்தா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் அந்த வார்த்தையே கிடையாது. "இருந்துட்டுப் போகட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றேன். அன்றிலிருந்து நான் லாத்தா.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார், நான் வீட்டில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டதாக ஒரு பிள்ளை அழுதால், அதில் என்ன அமிலம் இருக்கிறது என்று கேட்கிற ஆள் நான். கொஞ்சம் திமிர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் அறிவுக்குள் போகாமல் நாக்கிலேயே தங்கிவிட்டது.

"உச்சி வெயில்ல ஆரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏன்னு கேட்றாத. மூணாந்தடவையும் கூப்பிட்டாத்தான் மனுசக் கொரலு. அது ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது." அது என்றால் எது என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. தெரிந்த குரலில்தான் கூப்பிடும் என்று மட்டும் சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி கருப்பு புர்காவில் வாசலில் வந்து நின்றாள். "லாத்தா, கீழக்கரைக்கு உம்மா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்துருவேன். கோழிக்கு மட்டும் தண்ணி வையிங்க." முன்கதவில் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, தெருமுனையில் பஸ் ஏறினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வாலிநோக்கத்து உச்சிப் பொழுதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கொஞ்ச நேரம் காற்று சுத்தமாக நின்றுவிடும். தெரு கடைசியில் உப்புப் பாத்திகள் வெள்ளையாக எரியும், அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. வேலையாட்கள் கொட்டகைக்குள் போயிருப்பார்கள். வெயிலுக்கு நாய்கூடக் குரைக்காது. நான் அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"லாத்தா."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் குரல்தான். உரக்கவும் இல்லை, அவசரமும் இல்லை. 'தா' மட்டும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போனது.

கையில் கத்தி அப்படியே நின்றது. அந்த வீடு பூட்டியிருக்கிறது. அவள் போய் இரண்டு மணி நேரமாகிறது.

"லாத்தா."

இந்தத் தடவை இன்னும் தாழ்வாக, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது போல் இருந்தது. வாயைத் திறந்தேன், நாக்கு எழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு பத்து. மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். கூப்பிட்டால் உடனே ஓடிவிடுவது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சின்ன முள் நகர்ந்ததா தெரியாது, பெரிய முள் மூன்று கோடு நகர்ந்தது. மூன்றாவது குரல் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மனித சத்தம் கேட்டதும் உயிர் வந்தது. எழுந்து முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். பூட்டு அப்படியே தொங்கியது. 'நல்லவேளை, பதில் சொல்லல' என்று ஒரு நிம்மதி வந்தது. அறிவியல் டீச்சருக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது என்பதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. வந்து கத்தரிக்காயைக் குழம்பில் போட்டேன். சாப்பிடவும் செய்தேன்.

ஒன்றேமுக்காலுக்கு அவள் அம்மா போன் செய்தார்கள். "என்னம்மா, மகள இன்னும் காணோமே. பத்து மணிக்கே கெளம்பிட்டேன்னு சொன்னா. போனும் எடுக்க மாட்டேங்குறா."

அதை வைத்துவிட்டு அவள் எண்ணுக்கு அடித்தேன். என் காதில் ஒரு மணி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மணி. பூட்டிய வீட்டுக்குள் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

கொல்லை வழியாக ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. அடுப்படியில், எங்கள் இருவருக்கும் பொதுவான அந்தச் சுவரின் அடியில், அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். புர்காவைக்கூடக் கழற்றவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. பஸ்ஸில் தலைவலி தாங்காமல் பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி, உப்பளத்துக் குறுக்குவழியில் நடந்து பின்பக்கமாக வந்திருக்கிறாள். இதெல்லாம் பஸ் கண்டக்டரும் உப்பளத்து ஆட்களும் சொல்லிப் பிறகு தெரிந்தது.

ஆம்புலன்ஸில் நான்தான் கூட ஏறினேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா, அண்ணன், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். வெளியே வந்து, "ரத்தக்கட்டு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆனா விழுந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் உறுதியாத் தெரியாம போட முடியாது, ஆபத்து. எத்தன மணிக்கு விழுந்தாங்க? பார்த்தவங்க யாரு?" என்று கேட்டார்.

அப்போது மூன்றே முக்கால். அவள் அண்ணன், "வீடு பூட்டியிருந்துச்சு டாக்டர், யாரும் பார்க்கல" என்றார்.

தெரியாது என்று நானும் தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஓடிப்போய்க் காப்பாற்றிக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரி என்று அந்த அம்மா அதற்குள் என் கையைப் பிடித்து இரண்டு முறை அழுதாகிவிட்டது. அந்தக் கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது. டாக்டர் திரும்பப் போனார்.

"பன்னெண்டு பத்து" என்றேன்.

டாக்டர் நின்றார். "உறுதியாவா?"

"உறுதியா. கடிகாரத்தப் பார்த்தேன். அதுவரைக்கும் பேச்சு இருந்துச்சு."

அவர் உள்ளே ஓடினார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்கள். "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கூப்பிட்டா."

"கூப்பிட்டாளா? பெறகு?"

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கை என் கையைவிட்டு மெதுவாக நகர்ந்தது. இன்றுவரை அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஊசி வேலை செய்தது. கால் வந்தது, கை முக்கால்வாசி வந்தது. இரண்டு மாதத்தில் நடந்து வீட்டுக்கு வந்தாள். பேச்சுதான் வரவில்லை. மொத்தமாக வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது.

"லாத்தா. லாத்தா."

எப்போதும் இரண்டு தடவை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், மகனைக் கண்டு சிரித்தாலும் அதுதான். சவூதியிலிருந்து வீடியோவில் வருகிற கணவரிடமும் அதையே சொல்லி அழுவாள். சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், ஏனென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்குத் தெரியும். நான் வாங்கிக்கொள்ளாமல் விட்ட வார்த்தை அது, போக இடமில்லாமல் அவளிடமே திரும்பிப் போய்விட்டது.

ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டது, காத்திருந்தது, குழம்பு வைத்தது, எல்லாம். அவள் சுவரைப் பார்த்தாள். "லாத்தா" என்றாள். வெகுநேரம் கழித்து மறுபடியும் "லாத்தா" என்றாள். திட்டினாளா, மன்னித்தாளா, எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் முதல் குரலுக்கே எழுந்துவிடுவேன். பாதிச் சோற்றில், பாதிப் பாடத்தில் எழுந்திருக்கிறேன். பிள்ளைகள், "டீச்சர், யாரும் கூப்பிடலையே" என்பார்கள். இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன நஷ்டம்?

போன மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். நல்ல உச்சி வெயில். முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, நானும் அம்மாவும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். ஆடுகள் கட்டியிருக்கிற பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு தடவை. வாலிநோக்கம் அங்கிருந்து எத்தனையோ மைல்.

"இந்தா வாரேன்!" என்று எழுந்தேன்.

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஏடி, அங்கன ஆரும் இல்லடி. பதில் சொல்லாத. மூணாந்தடவ கூப்பிடட்டும்."

"மூணாந்தடவ கூப்பிட அவளுக்குத் தெம்பு இருக்காதும்மா" என்று சொல்லி, அம்மாவின் விரல்களை விலக்கிவிட்டு வெயிலுக்குள் நடந்தேன்.