நடக்கப் போகாத காலை

சாம்பல் நிற ஸ்வெட் ஷர்ட் ஒன்று கொடியில் சொட்டிக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பனி பெய்யும் ஊருக்காகத் தைத்தது. இடது கை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்ததால் ரிஜெக்ட் ஆனது. திருப்பூரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒன்றிரண்டு கிடக்கும். எங்கள் வெயிலில் அதைப் போட யாருக்கும் துணிவு வராது. என் சித்தப்பாவுக்கு மட்டும் அதுதான் மருந்து.

அவர் அவிநாசிபாளையத்தில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தார். விடிந்ததும் தாராபுரம் ரோட்டோரமாக வேக நடை. சளி பிடித்தாலும், உடம்பு கணகணவென்று இருந்தாலும் நடை நிற்காது. அன்றைக்கு மட்டும் அந்தக் கனத்த சட்டையை மாட்டிக்கொள்வார். "வேர்த்து ஊத்துனா எறங்கிரும் கண்ணு. மெசினை ஒரு நா நிறுத்திப் போட்டமுன்னா மறுநா எடுக்கறது செரமம்" என்பார். ஷிப்மெண்ட் நெருங்கினால் காய்ச்சலைக்கூட அடுத்த வாரம் வரச் சொல்கிற ஊர் இது. கம்பெனி வேன்களில் போகிறவர்கள் அவர் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். வடக்கத்திப் பையன்கள் கையாட்டுவார்கள். குளித்தவர் போல நனைந்து, முகம் சிவந்து, என்னவோ ஜெயித்துவிட்ட மாதிரி திரும்பி வருவார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் காலை, தோள்பட்டை லேசாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டையைத் தேடினார். சித்தி அதைக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டார். "இன்னைக்கு ஒரு நா படுங்க. ஒண்ணும் குடி முழுகிப் போயிராது." சித்தப்பா முனகிக்கொண்டே படுத்தார். வேன் சத்தத்தில் தூக்கம் கெடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சித்தி சட்டையை அலசிக் காயப்போட்டார். காபியோடு வந்து கதவைத் திறந்தபோது அவர் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

நடக்கப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டோம். "நடந்திருந்தா இன்னும் சீக்கிரமேகூட ஆகியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். சித்திக்கு அது ஆறுதலாக இல்லை. "ரோட்டுல உழுந்திருந்தா நாலு பேரு தூக்கியிருப்பாங்க. ஊட்டுக்குள்ள படுக்க வெச்சு நானே கதவைச் சாத்திப் போட்டனே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கனத்த துணி காய்வதற்கு நேரமாகும். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பக்கத்தில் அது சொட்டிக்கொண்டே இருந்தது. காய்ந்த பிறகு, தன் கண்ணில் படக் கூடாது என்று சித்தி அதை என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது எனக்கு அவர் வயது. சர்க்கரை இருப்பதால் நடை கட்டாயம். கழுத்துக்கு மேலே மூக்கொழுகல் என்றால் மெதுவாக நடக்கலாம், காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ என்றால் படுத்துவிட வேண்டும் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு வருவதெல்லாம் சரியாகக் கழுத்திலேயே வந்து நிற்கும். இன்று காலையும் தொண்டை கரகரத்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடுவது நெற்றியா கையா என்று பிடிபடவில்லை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு காலில் ஷூவை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். நடக்கவும் பயம், படுக்க அதைவிடப் பயம். இருப்புக் கொள்ளாமல் அதை உதறிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி என் நெற்றியில் புறங்கையை வைத்தார். "சுடுதே சாமி" என்றார். படு என்று சொல்லப்போகிறார் என்று நின்றேன். வாய் வரை வந்ததை அவர் விழுங்குவது தெரிந்தது.

"நடன்னும் சொல்ல மாட்டேன், படுன்னும் சொல்ல மாட்டேன் கண்ணு. கதவை மட்டும் சாத்தாதே."

சுடுகிறது என்று இன்னொருவர் சொன்னதே எனக்குப் போதும். வீட்டுக்கு வந்து கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். ரோட்டில் வேன்கள் போய்க்கொண்டிருந்தன. கண்ணை மூட முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு சித்தி உள்ளே வந்தார். என் அறைக் கொடியில் கிடந்த சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. இன்று எடுத்து உதறி, என் மேல் போர்த்திவிட்டு, என் முகம் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தார்.