மூன்று முறை மாற்றிய ஆயில் சீல்

பழைய கியர் ஆயில் எப்படி நாறும் என்பது அதன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து போனவர்களுக்குத்தான் தெரியும். அழுகிய முட்டையையும் கருகிய வெங்காயத்தையும் சேர்த்து அரைத்தது போன்ற நாற்றம். சட்டையில் ஏறினால் இரண்டு வெளுப்புக்கும் போகாது. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பாண்டேஜ் துணிக் கம்பெனியின் முற்றத்தில், ஒருநாள் காலை, அந்த ஆயில் தெறித்த வெள்ளைத் துணியை முதலாளி டிரைவர் அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து பாருலே" என்றார். நாற்பத்தைந்து வயது மனிதர், குனிந்து, மோந்து பார்த்தார். துணி மடிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 

எண்பதுகளின் கடைசி அது. சரக்கு அனுப்பும் எழுத்தர் வேலை எனக்கு. துணிக் கட்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோகும் வேனில் நானும் போவேன். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த பழைய டீசல் வேன். எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே, காலடியில் கியர் பெட்டி. அதற்கு மேலே ஒரு தகர மூடி. அண்ணாச்சி கான்சாபுரத்துக்காரர். வண்டியைப் பெண்பிள்ளையை அதட்டுவது போல அதட்டுவார். "ஏட்டி, முக்காதட்டி, மேடு முடியப்போவுது" என்பார். நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "தம்பி, நீ மூக்கப் பொத்துனா அவ மல்லியப்பூவா மணப்பாளாக்கும்?" என்று சிரிப்பார்.

எனக்கு அழுக்கு ஆகாது. ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, அந்த மூடியைத் திறந்து துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கியர் பெட்டியின் தலையில் விரல் உயரத்துக்கு ஒரு சின்னக் குழாய். அதைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ச் சகதி. அங்கிருந்துதான் ஒழுகுகிறது என்று முடிவு செய்தேன். எங்கள் கம்பெனியில் எது ஒழுகினாலும், எது உடைந்தாலும் ஒரே வைத்தியம்தான். குளிக்கிற சோப்பை நனைத்துப் பிசைந்து, பாண்டேஜ் துணியில் அப்பி, பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவோம். காய்ந்தால் கல். தண்ணீர்க் குழாய்க்கும் நாற்காலிக் காலுக்கும் அதே கட்டுதான். எங்கள் தெருக்களில் அந்தக் கட்டு இல்லாத வீட்டைக் காட்ட முடியாது. அதே கட்டை இந்தச் சின்னக் குழாயின் வாயையும் மூடிப் போட்டேன். கையை மூன்று முறை கழுவினேன். அன்றைய நாட்குறிப்பில், "வேனில் கசிவு அடைக்கப்பட்டது. சுத்தம்" என்று எழுதியிருக்கிறேன்.

அது கசிவு அல்ல; பெட்டி மூச்சு விடுகிற வழி. பற்சக்கரங்கள் ஓடி ஓடிச் சூடேறும்போது உள்ளே இருக்கிற காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் காற்று ஆயிலைத் தள்ளும். பெட்டியின் பின்பக்கம், தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஆயில் சீல். அதைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் ஒழுகும். எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

ஒழுகியது. சுழல்கிற தண்டு ஆயிலை மேலே வாரியடிக்க, பலகை இடுக்கு வழியாக அடிக்கட்டுத் துணிகளில் புள்ளி விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் பட்டறை மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் புது சீல் அடித்தார். நான்கு நாள் தாங்கியது. மறுபடியும் அடித்தார். ஒருமுறைகூட மேல் மூடியைத் திறக்கவில்லை. அடியிலிருந்து வருகிற நோய்க்கு அடியில்தான் மருந்து என்பது அவர் கொள்கை. வேலை முடிந்ததும் எங்கள் துணிக் கட்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, "சீலு புதுசுதான் மொதலாளி. கிளச்ச மிதிக்கிற காலுதான் சரியில்ல" என்று போனில் சொன்னார். முதலாளி அதை நம்பினார். நோயாளியின் புண்ணில் சுற்ற வேண்டிய துணி நாறுகிறது என்று ஒரு கட்டு திரும்பி வந்த அன்றுதான் முற்றத்தில் அந்தக் காட்சி நடந்தது. "இன்னொரு சொட்டு விழுந்துச்சு, சாவியக் குடுத்துட்டு ஊரப் பாத்துப் போயிரு" என்றார் முதலாளி. அண்ணாச்சிக்கு வேறு தொழில் தெரியாது.

மூன்றாவது முறை சீல் மாற்றுவதற்கு முதலாளியே கூட வந்தார். முதல் புள்ளி விழுந்ததிலிருந்து, மேஸ்திரியைத் தவிர யாரும் வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அண்ணாச்சி வண்டியருகே குத்தவைத்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேஸ்திரி, பொட்டிக்கு மேல ஒரு மூச்சுக் கொழா இருக்கும்லா? அது அடச்சிருக்கான்னு செத்த பாருமே."

அடியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "அப்பம் சளி புடிச்சிருக்கும்வே. தைலம் தேச்சுப் படுக்க வையும்!"

பட்டறையே சிரித்தது. முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மூடியைத் திறந்து காட்ட அரை நிமிடம் போதும். ஆனால் திறந்தால், நாளைக் காலை அந்தத் துணி என் முகத்துக்கு நேரே நீளும். அந்த ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் கட்டை அறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

மறுநாள் வரைக்கும் ஆயில் காத்திருக்கவில்லை. ராஜபாளையம் வந்து வேன் நின்றதும், முற்றத்துச் சிமெண்டில் முதல் சொட்டு விழுந்தது. முதலாளி கையை நீட்டினார். அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பிளேடால் கட்டை அறுத்தேன். சோப்பு ஆயிலில் ஊறிச் சீழ் போல வழிந்தது. நகக்கண்ணில் ஏறிய அந்தக் கொழகொழப்பு ஒரு வாரம் போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசையப் பிடிக்காமல் கரண்டியால் சாப்பிட்டேன். அன்றே சோழபுரத்திலிருந்து புது டிரைவர் வந்தார். ஒழுகல் நின்றது. முதலாளி கம்பெனிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஆள மாத்துனேன், ஆயில் நின்னுட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி, "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றார். அண்ணாச்சி எந்தக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனாலும் முதலாளியின் அந்த ஒரு வாக்கியம் அவருக்கு முன்னால் போய் நின்றது. அதற்குச் சாட்சியை உண்டாக்கிக் கொடுத்தவன் நான். கட்டை அறுக்காமல் விட்டிருந்தால் புது டிரைவர் கையிலும் ஒழுகியிருக்கும். அண்ணாச்சியின் பெயராவது தப்பியிருக்கும். என் கோழைத்தனத்தைவிட நான் செய்த அந்தத் திருத்தம்தான் எனக்கு அதிகம் அருவருப்பூட்டுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கிற வேலை பார்ப்பதாகச் சொன்னார். உள்ளங்கை முழுக்க வெட்டுக்காயம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவ எப்படித் தம்பி இருக்கா?"

"வேனை வித்துட்டாங்க அண்ணாச்சி."

"நான் போன பொறவு ஒழுகுனாளா?"

சுற்றிலும் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை. எனக்கு அந்தக் கம்பெனி வேலைகூட அப்போது இல்லை.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலை ஒருமுறை மடக்கி நீட்டினார். "அப்பம் எங் காலுதான் போல" என்றார். "அம்புட்டு வருசமும் அந்த மேஸ்திரியப்போயி ஏசிக்கிட்டு இருந்தேன் பாரு. பாவம் அந்த மனுசன்."

வத்திராயிருப்பு பஸ் வந்தது. ஏறிக்கொண்டு, சன்னல் வழியாக, "ஊருப் பக்கம் வந்தா வா தம்பி" என்றார்.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அந்த பஸ் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அவர் இருக்கிறாரா என்றுகூட நான் போய் விசாரிக்கவில்லை.