முதுகைக் காட்டாத தபால்காரர்

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஆர்விட் லேட்டோவைத் தெரியாத நாய் கிடையாது. எங்கள் மலைச்சரிவுத் தெருக்களில் தபால் போட்டுப் போட்டே தலை நரைத்தவர். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்புகளைக் காட்டி, இது எந்த வீட்டு நாய், எந்தப் பனிக்காலம் என்று ஊர்க்கதை போலச் சொல்வார். நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக் கொடுத்ததை வேதமாக வைத்திருந்தார். ஓடக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது. தபால் பையை முன்னால் பிடித்துக்கொண்டு, நாய் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மெல்ல மெல்ல நகர வேண்டும். இந்த வேதம் ஒரே ஒருவனிடம்தான் செல்லாது. அவன் எங்கள் தெரு டோலோரஸ் வீட்டு பொமரேனியன், பெயர் சார்ஜென்ட். பஞ்சு உருண்டை மாதிரி இருப்பான். அவன் குரல் கேட்டால் ஆர்விட் சட்டம் எல்லாவற்றையும் மறந்து வேலி தாண்டிவிடுவார். அவருடைய சீருடைக் கால்சட்டையின் பின்பக்கம் ஒருமுறை அவன் வாயோடு போனது ஊருக்கே தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் ஒரு நாயை வாங்கி, அதை எங்கள் நாய்ப் பயிற்சி கிளப்பில் தடை தாண்டும் பந்தயத்துக்கும் சேர்த்தார். நாங்கள் சிரித்து ஓய வெகு நாளாயிற்று.

நாயின் பெயர் வாஃபிள். கார்கி ஜாதிக்கும் பீகிள் ஜாதிக்கும் பிறந்த கலப்பு. நீள உடம்பு, குட்டைக் கால், எதற்கும் அவசரப்படாத முகம். தடையைத் தாண்டும், குழாய்க்குள் புகுந்து வரும். கம்பு வரிசைதான் வில்லங்கம். வரிசையாக நட்டிருக்கும் பன்னிரண்டு கம்புகளின் நடுவே நாய் இடமும் வலமுமாக நெளிந்து ஓட வேண்டும். வாஃபிள் ஒவ்வொரு கம்பையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஒரு கம்பையும் தவறவிட்டதில்லை, ஒருமுறையும் நேரத்துக்குள் முடித்ததில்லை. கிளப்பில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது நான். வாஃபிள் பாதி வரிசையில் இருக்கும்போது நான் கொட்டாவி விட்டதை ஆர்விட் பார்த்துவிட்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சில்லை.

வீட்டில் பழக்குவதற்காக அவர் கம்புகளை நட்ட இடம் மனைவி மார்னியின் தக்காளிப் பாத்தி. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"இதோ பாரு மனுஷா, செப்டம்பர் பந்தயத்துல உன் மகாராணி நேரத்துக்குள்ள முடிச்சா கம்பு அங்கேயே இருக்கட்டும். முடிக்கலேன்னா மறுநாளே புடுங்கிடணும். அடுத்த வருஷம் எனக்குத் தக்காளி வேணும்" என்றாள் மார்னி.

"சரி" என்று தலையாட்டிவிட்டு, ஆர்விட் நேரே பெவ்விடம் ஓடிவந்தார். தப்பு, மெல்ல நடந்துதான் வந்தார்.

பெவ் எங்கள் பயிற்சியாளர். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், அதனால் குரலுக்கு மைக் தேவையில்லை. கம்புகளை இரண்டு வரிசையாகப் பிரித்து நட்டு நடுவில் சந்து விட்டாள். கடைசியில் நின்று சாசேஜ் இறைச்சித் துண்டைக் காட்டிக்கொண்டே ஓடினாள். வாஃபிள் சந்துக்குள் பறந்தது. சந்தை நாளுக்கு நாள் நெருக்கி, கடைசியில் ஒரே வரிசையாக்கினாள். அப்போதும் வேகம் குறையவில்லை. பிறகு ஆர்விட் வந்து பக்கத்தில் நின்றார். வாஃபிள் மறுபடி நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏம்ப்பா, நாய்க்குப் பாடம் முடிஞ்சுது. இனிமே உனக்குத்தான்" என்றாள் பெவ். "சாசேஜ் பையை ஏன் நெஞ்சுக்கு நேரா பிடிச்சிருக்கே? அதுகிட்ட என்ன தபாலா குடுக்கப் போறே? நீ மெதுவா நகர்ந்தா அதுவும் மெதுவாத்தான் வரும். முதுகைக் காட்டிட்டு ஓடு. அது துரத்திக்கிட்டு வரும்."

"துரத்தும்னு எனக்குத் தெரியாதா பெவ்? அதனாலதானே ஓட மாட்டேங்கறேன்."

முயற்சி செய்யாமல் இல்லை. திரும்புவார், ஓரடி வைப்பார். அதற்குள் உடம்பு தானாகச் சுழன்று நாய்ப் பக்கம் வந்துவிடும். "வாஃபிள் கடிக்காதுன்னு எனக்குத் தெரியும், என் காலுக்குத் தெரியலையே" என்பார் பாவமாக. விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்த மனிதர் தக்காளிப் பாத்தியில் தனியாக நின்று திரும்பித் திரும்பிப் பழகுவதை வேலி வழியே பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. நேரத்துக்குள் முடிக்கும் நாய்க்குத் தரும் அந்த ரிப்பன் அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பந்தய நாளும் வந்தது. ஏரிக்காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. மார்னி ஒரு தட்டு நிறைய எலுமிச்சை பார் இனிப்பு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தோற்கப்போகிறவர் மனைவிக்கு இத்தனை உற்சாகமா என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதை எடுத்தேன்.

வாஃபிள் தடைகளைத் தாண்டியது, குழாயிலிருந்து வெளியே வந்தது, கம்பு வரிசையில் நுழைந்தது. ஆர்விட் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். முதல் கம்புக்கு நலம் விசாரிப்பு. இரண்டாவது கம்புக்கு நலம் விசாரிப்பு. அப்போது கம்பு வரிசை தொடங்கும் பக்கம், வேலிக்கு வெளியிலிருந்து கீச்சென்று ஒரு குரைப்பு.

ஆர்விட்டின் முகம் வெளுத்தது. அடுத்த கணம் ஓட்டம் எடுத்தார். தன் சாசேஜ் மூட்டை இப்படிப் புறமுதுகு காட்டி ஓடுவதை வாஃபிள் வாழ்நாளில் பார்த்ததில்லை. காதுகள் படபடக்க, கம்புகள் சடசடக்க, நெளிந்து புறப்பட்டது பாருங்கள், எனக்கு அது கோடாகத்தான் தெரிந்தது. ஒரு கம்பும் தவறவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியும் ஆர்விட் நிற்கவில்லை, மைதானத்தின் கோடிவரை போய் பெவ்வின் வேன் மூக்கில் ஏறிவிட்டார். வாஃபிள் கீழே உட்கார்ந்து சாசேஜுக்குக் காத்திருந்தது.

நான் வாட்சைப் பார்த்தேன். உதறிவிட்டு மறுபடி பார்த்தேன். நேரத்துக்குள்.

வேலியோரம் டோலோரஸ் நின்றிருந்தாள், கையில் சார்ஜென்ட். நடுவர் அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நாய்ப் பந்தயத்துல நாய் குரைச்சுதுன்னு எந்த விதியில புள்ளி குறைக்கிறது?" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

"அவனை யாரு இங்க கூட்டிட்டு வந்தது?" வேன் மேலிருந்து கேட்டார் ஆர்விட்.

"நான்தான், கார்ல ஏத்திக்கிட்டு வந்தேன்" என்றாள் மார்னி.

"நான் தோத்திருந்தா உனக்குத் தக்காளிப் பாத்தி கிடைச்சிருக்குமே?"

"தக்காளி கடையில கிடைக்குது. நீ தோத்துட்டுக் குளிர்காலம் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தா, அதை எந்தக் கடையில குடுத்து மாத்துறது?"

ஆர்விட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். வாஃபிளைப் பார்த்தார், வாஃபிள் பையைப் பார்த்தது. பிறகு அவர் பாட்டுக்குத் திரும்பினார், ஓடினார். காலியான மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, சின்னப் பையன் மாதிரி கத்திச் சிரித்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். சார்ஜென்ட் டோலோரஸின் தோளில் தூங்கியே போயிருந்தான். துரத்துவதற்கு அங்கே வாஃபிளைத் தவிர வேறு யாரும் இல்லை.