ஈசானிய மூலை மனை

ராஜபாளையத்துக்கு மேற்கே மகளும் மருமகனும் வீடு கட்டப்போகும் மனையை இன்று காலை பார்த்துவிட்டு வந்தேன்.

மலையிலிருந்து சரிந்து வரும் நிலம், வடகிழக்கு மூலையில் பள்ளமாக முடிகிறது. "ஈசானியம் பள்ளமா அமையுறது லேசில்ல மாமா, வாஸ்துக்காரரே அசந்துட்டாரு" என்றார் மருமகன்.

மலைத் தண்ணீரும் அந்த மூலைக்குத்தானே வரும் என்று நினைத்தேன்.

வேலியோரக் கருவேல மரத்தில், என் நெஞ்சு உயரத்தில், காய்ந்த வைக்கோலும் சருகும் சிக்கியிருந்தன. மனையைக் காட்ட வந்திருந்த தரகரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "இந்தப் பக்கம் ஓடை ஏதும் வருமா?"

"அது குருவிக்கூடுய்யா. அப்ரூவல் வாங்குன இடத்துல ஓடை எப்படி வரும்?"

மகள் சிரித்தாள். "எங்கப்பாவுக்குத் தெருக்குழாய் ஒழுகுனாலே வெள்ளம்தான்."

குருவிக்கூடாகவும் இருக்கலாம். எனக்குப் பறவைகளைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வேலி நெடுக எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில்தான் படுக்கையறை.

அந்தப் பக்கம் மழைக்காலத்தில் போனவர்கள், பார்த்ததை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். மருமகனும் இதைப் படிப்பார். நான் கேட்டதால் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.