ஜூலி எந்த வீட்டு நாய்?

பேச முடியாத நோயாளிகளோடு காலம் தள்ளுகிறோம் என்று எங்கள்மேல் பரிதாபப்படுகிறார்கள். நோயாளியைத் தவிர மற்ற அத்தனை பேரும் பேசுகிற தொழில் இது என்பது உள்ளே வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், துணிக்கடையில் புடவை விரித்துப் போடுகிறவர்கள், பேங்க் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்கள், நீங்களெல்லாம் என் கட்சிதான். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை நெய்வேலியில் டாக்டர் ஸ்டெல்லாவின் கிளினிக்கில் சேர்ந்தேன். முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அந்த மரமாவது சாயங்காலம்வரை விழித்திருக்கும். நாங்கள் மத்தியானமே கண்ணயர்ந்துவிடுவோம். தூரத்தில் சுரங்கத்து கன்வேயர் பெல்ட் முனகிக்கொண்டே இருக்கும். வந்த இரண்டு நாள் அது காதில் விழும். மூன்றாம் நாள் அது காற்றின் ஒரு பகுதியாகிவிடும்.

ஸ்டெல்லாவை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அதே பட்டம் வாங்கிய என்னைப் பாப்பா என்பார்கள். இதற்காகவே ஒரு மாதம் சண்டை போட்டேன். பாப்பா சண்டை போடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்று ஷிப்ட் பசி

பிரவுனி என்ற லாப்ரடார் நாற்பத்தாறு கிலோ. எடை பார்க்கும் பலகையில் ஏறி நின்றதும் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டது. அந்த வீட்டில் அப்பாவுக்கு சுரங்கத்தில் ஷிப்ட், மகனுக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷிப்ட். யார் எந்த நேரத்தில் கதவைத் திறந்தாலும், நேற்றிலிருந்து பட்டினி என்பதுபோல் பிரவுனி ஒரு பார்வை பார்க்கும். வந்தவர் தனக்குத் தட்டு வைத்துக்கொள்ளும்போது அதற்கும் ஒன்று வைப்பார். இப்படியே நாளைக்கு ஆறு வேளை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதயம், மூட்டு, சர்க்கரை என்று இருபது நிமிஷம் பேசினேன். இரண்டு வேளைதான், அதையும் ஒரே ஆள்தான் வைக்க வேண்டும், நீங்கள் செய்வது அன்பே இல்லை என்றேன். அந்த அம்மா யூனிபார்ம் சேலையிலேயே வந்திருந்தார். பிரவுனியின் காதை மெல்ல மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"வைக்கல பாப்பா, இனிமே வைக்கல. ஆனா நாங்க மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டு ரொம்ப நாளாவுது. எங்க மூணு பேரோடயும் சாப்புடுறது இது ஒண்ணுதான்."

பெயர் இல்லாத பதிவேடு

ஸ்டெல்லாவின் பதிவேட்டில் மனிதர் பெயரே கிடையாது. பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர், அதற்குக் கீழே பிராணி. ஒரு பக்கத்தில் "கறுப்பு வெள்ளை, பெண், ஜூலி" என்று இருந்தது. பக்கத்தில் இருந்த போன் நம்பர் ஒருமுறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பழைய வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிப் போயிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணித்தானே ஆகணும்? அடுத்து வந்தவங்க அடுத்த ஊசிக்குக் கூட்டிட்டு வந்தாங்க" என்றார் ஸ்டெல்லா, பஞ்சைச் சுருட்டிக்கொண்டே.

"நாயை விட்டுட்டா போனாங்க? அது என்ன சீலிங் ஃபேனா, வீட்டோட ஒப்படைச்சுட்டுப் போறதுக்கு?"

எங்கள் துரதிர்ஷ்டம், அந்தப் பக்கத்தின் இரண்டாவது போன் நம்பருக்குச் சொந்தக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். கோதண்டம், சுரங்கத்தில் ஃபிட்டர். கூடவே ஜூலி. கயிறு இல்லாமல், அவர் காலுக்கு அரை அடி பின்னால், சரியாக அவர் வேகத்துக்கு நடந்து வந்தது. அவரும் இரண்டு மாதத்தில் ரிட்டயர் ஆகப்போகிறார், சென்னையில் மகனோடு இருக்கப்போகிறார், ஜூலி வீட்டிலேயே இருந்துவிடும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல். ஆறு வருஷம் சோறு போட்ட ஜீவனை எப்படி ஐயா மனசு வந்து விடுவீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. ஜூலி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் செருப்பின்மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. கோதண்டம் கோபப்படவில்லை.

"கொல்லையில கருவேப்பில மரம் கூட நான் வச்சதுதான் பாப்பா. அத்தப் புடுங்கிக்கினா போவ முடியும்?"

பண்ருட்டியில் இனித்த மாடு

பலாப்பழக் காலத்தில் பண்ருட்டியிலிருந்து அழைப்பு வந்தால் கேட்கவே வேண்டாம், மாடுதான். இஸ்மாயில் பாய் மண்டியின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில். ஊரே அந்த மஞ்சள் வாசனைக்குள் மூழ்கிக் கிடந்தது. பழத்தின் மேலே பழம், அதன் மேலே தேனீ. மாடு இடது விலா பக்கம் உப்பி, கண் சொருகி நின்றது. குழாயை உள்ளே செலுத்தி காற்றை வெளியே விட்டு, சோடா உப்பைக் கரைத்து ஊற்றினோம். பிறகு மாட்டை மெல்ல நடத்தச் சொன்னார் ஸ்டெல்லா. நானும் மாடும் மண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். எத்தனை சுற்று என்று தெரியாது. நாலாவது சுற்றில் மாடு என்னை நடத்துவதுபோல் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அது ஒரு ஏப்பம் விட்டதே, அப்படி ஒரு நிம்மதியை என் பரீட்சை ரிசல்ட்கூட தந்ததில்லை.

நிம்மதி வந்ததும் கோபமும் திரும்பி வந்தது. கட்டிப் போட வேண்டாமா, இத்தனை பழத்தைத் தின்னும்வரை என்ன செய்தீர்கள் என்று பாயைப் பிடித்துக்கொண்டேன். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பழுத்து வெடிச்ச பழத்த ஒருத்தரும் தொடலம்மா. இது ஒண்ணுதான் ஒரு கொறையும் சொல்லாம தின்னுச்சு, வேணாம்னு சொல்ல மனசு வரல."

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்

திரும்பி வரும்போது காரில் ஸ்டெல்லாவோடு வாக்குவாதம். ஜூலி விஷயம்தான். "அதுக்கு எது நல்லதுன்னு யோசி. உனக்கு எது நியாயம்னு யோசிக்காத" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்திரித் தோப்புகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு ஜூலி உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் இலவசத் தடுப்பூசி முகாம், பிளாக் பூங்காவில். செல்லப்பிராணி நலம் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு. குடற்புழு மருந்து, உண்ணி, கருத்தடை என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் கோதண்டமும் அவர் மனைவி வள்ளியும் ஜூலியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பேச்சு தடம் மாறிவிட்டது. ரிட்டயர் ஆகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் லாரியில் ஏற்றுகிறார்கள், உயிரை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றேன். கைதட்டினார்கள். எல்லோரும் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். கோதண்டம் எழுந்து நின்று, "கூட்டிக்கினு போறேன்" என்றார், ஏதோ வகுப்பில் தப்பை ஒப்புக்கொள்ளும் மாணவன்போல். ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டம் கலைந்ததும் வள்ளியம்மா என்னிடம் வந்தார்.

"நல்லாத்தான் பேசின கண்ணு. சென்னையில பையன் வூட்டு லிப்ட் இல்லாத நாலாவது மாடில இத்த யாரு ஏத்தி எறக்குறதுன்னு மட்டும் சொல்ல மறந்துட்ட."

எங்கும் வலிக்காத நோய்

ரிட்டயர் ஆகிச் சென்னை போன ஐந்தாம் நாள் கோதண்டம் போன் செய்தார். ஜூலி சாப்பிடவில்லை. சோற்றில் மோர் ஊற்றிப் பாருங்கள் என்றேன். ஏழாம் நாள் ஈரல் வேகவைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டி ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து அனுப்பினார்கள். அத்தனையும் சுத்தம். வீடியோவில் பார்த்தேன். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிப் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

போனை வைத்த பிறகு கிளினிக்கில் யாரும் இல்லை. மர நிழல் மெதுவாக வாசல்படி ஏறி உள்ளே வந்தது. அப்போது, நான் வந்த மூன்றாம் நாளோடு காணாமல் போன அந்த கன்வேயர் முனகல் மறுபடி என் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து ஜூலி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கும். அது இல்லாத இடத்தை ஒரு நாய் என்னவென்று நினைக்கும்? இதற்கு எந்தப் புத்தகத்தில் மருந்து தேடுவது? பத்தாம் நாள் மறுபடி போன் வந்தது.

"ஒடம்புல ஒண்ணுமே இல்லைன்றாங்க பாப்பா. அப்ப நோவு எங்கதான் இருக்குது?"

காலித் தட்டு

அன்றைக்கே, கோழிக்குஞ்சுக்குச் சொட்டு மருந்து வாங்க ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி. கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போனது, வீட்டுக்காரருக்கு இப்போதுதான் வேலை பர்மனென்ட் ஆகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. விலாசம் கேட்டுப் பதிவேட்டைத் திறந்தால், அதே குவார்ட்டர்ஸ் நம்பர், ஜூலியின் பக்கம். செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இந்த நாயி எங்கீங்க? பின்வாசல்ல அலுமினியத் தட்டு கெடக்குது. வூட்டோட நாயும் இருக்கும்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க. நாங்க வந்து சேந்தோம், அது வரல."

அவளே சொன்னாள். ஊரைவிட்டு வரும்போது அவர்கள் நாய் டெம்போவில் ஏற மறுத்துவிட்டதாம். இரண்டுமுறை தூக்கி ஏற்றியும் குதித்து ஓடிவிட்டதாம். மூன்றாம் தடவை போனபோது அங்கே வீடும் இல்லை, நாயும் இல்லையாம். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தில் இருந்த ஜூலி என்ற எழுத்தை விரலால் தொட்டாள்.

"தட்ட நான் கழுவி கழுவி வச்சிக்கினு இருக்கங்க."

சின்னப் பெண் சொல்வதைக் கேளுங்கள்

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத வாக்கியத்தைக் கோதண்டத்திடம் போனில் சொன்னேன்: நான் சொன்னது தப்பு. செல்வி தட்டைக் கழுவி வைத்திருப்பதையும் சொன்னேன். மறுநாள் காலையே வாடகைக் காரில் ஜூலியோடு வந்து சேர்ந்தார்.

ஆனால் என் கட்சியை முழுக்க விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். விடுகிறவர், ஏற்கிறவர் இருவரும் நேரில் வர வேண்டும், நாய் எதற்குப் பயப்படும், எது கொடுத்தால் சாப்பிடும் என்று ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எங்கள் கிளினிக்கில் இன்றைக்கும் அதுதான் நடைமுறை. அந்தக் குவார்ட்டர்ஸ் முற்றத்திலேயே செல்வி உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்: இடிக்குப் பயம், பழைய சோறு பிடிக்கும், வால் பக்கம் தொடக் கூடாது.

ஜூலி எங்களை யாரையும் பார்க்கவில்லை. கொல்லையை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு வந்து, தட்டில் செல்வி போட்ட சோற்றை அவசரமில்லாமல் தின்றது. பிறகு வெயிலில் பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டியது. தூக்கத்தில் ஒரு பாதம் மட்டும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கோதண்டம் காம்பவுண்டுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வாங்க சார், டீ குடிச்சிட்டுப் போங்க என்று செல்வி இரண்டுமுறை கூப்பிட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வார்த்தை அதனிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்றேன் நான், பழக்க தோஷம்.

"போயிட்டு வரேன்னு இல்ல சொல்லணும் பாப்பா. நான் வரப்போறதில்ல, இதுகிட்ட பொய் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்ல."

எங்கள் தொழிலில் எந்த வாதத்திலும் ஜெயித்துவிடலாம், நோயாளி சோற்றைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும்.