கலயத்தில் அடங்காத எலும்பு

போன வாரம் ஒரு மனுஷனைச் சலித்தேன்.

பயப்படாதீர்கள். இருபது வருஷம் ஃபேக்டரியில் தேயிலைத்தூள் சலித்த கை இது. கினிகத்தேனைக்குக் கீழே, எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு பாறைக்குகை இருக்கிறது. பழைய எலும்புகளை ஆராய்கிற ஐயா ஒருவர் கொழும்பிலிருந்து வந்து அங்கே தோண்டுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். தோண்டிய மண்ணைச் சலிக்க ஆள் கேட்டார். நானும் பக்கத்து வீட்டுக் கருப்பாயியும் போனோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கருப்பாயிதான் உயரம். தன் வீட்டுக்குள்ளேயே குனிந்துதான் நுழைவாள்.

மூன்றாம் நாள் என் சல்லடையில் ஒரு தொடை எலும்பு தங்கியது. ஐயா அதை வாங்கி, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பிரஷ்ஷால் தட்டினார்.

"பாருங்கோ அம்மா, கத்தி பட்ட கீறல். உடைச்சிருக்கு. நெருப்பிலையும் வாட்டியிருக்கு. அந்தக் காலத்து ஆக்கள் மனுசரைத் திண்டிருக்கினம் போல."

கருப்பாயி சல்லடையைக் கீழே போட்டாள். "அக்கா, கையக் கழுவுங்க. இத ஆத்துல வீசச் சொல்லுங்க. மனுசனத் தின்ன கூட்டமாம்."

நான் கையைக் கழுவவும் இல்லை, வீசச் சொல்லவும் இல்லை.  கருப்பாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

எப்படிச் சொல்ல? கீறல், உடைப்பு, நெருப்பு... இந்த மூன்றும் உள்ள எலும்பு என் வீட்டுக்குப் பின்னாலும் இருக்கிறது. என் வீட்டுக்காரருடையது.

அவர் போய் இரண்டு வருஷம். "எரிச்சு, ராமேஸ்வரத்துக் கடல்ல கரைச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எரித்தோம். மறுநாள் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டேன். தொடை எலும்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் — லயத்து அறையில் படுத்தால் கால் வாசலில் கிடக்கும்.

மற்றவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், அவர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய கத்தியாலேயே இரண்டு போடு போட்டேன். முதல் போடு வழுக்கியது. இரண்டாவதில் உடைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லயம் சும்மா விடுமா? புருஷன் எலும்பை வெட்டியவள் என்று சாகும்வரை பெயர். கலயம் இன்னும் வீட்டுக்குப் பின்னால் மரத்தில்தான் தொங்குகிறது, இந்தியாவுக்குக் கப்பலேற எனக்கு அனுமதிக் கடுதாசி வரட்டும் என்று.

ஐயா பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதிவிட்டால் எழுதியதுதானே? அந்தக் குகைச் சனம் எழுந்து வந்து இல்லை என்று சொல்லுமா? நீங்களே சொல்லுங்கள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எங்க வீட்டுக்காரரு எலும்புலயும் இந்த மூணும் இருக்குதுங்க. நான் அவரத் திங்கலிங்க."

கருப்பாயி என் கையைப் பார்த்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"பிறகு ஏன் அம்மா உடைச்சனீங்கள்?"

"கலயம் சின்னதுங்க."

ஐயா அந்த எலும்பைத் திருப்பிக் கீறலை இன்னொரு தரம் பார்த்தார். "திண்டும் இருக்கலாம்... கலயத்தில போட்டுக் காவிக்கொண்டு போக உடைச்சும் இருக்கலாம்" என்றார். எழுதிய வரியை அழிக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டார். படித்தவர்கள் தோற்றால் அதைத்தானே போடுவார்கள்?

வீடு திரும்புகிற வழி முழுக்கக் கருப்பாயி எனக்கு முன்னாலேயே வேகமாக நடந்தாள். சரி, முடிந்தது என் கதை என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இனி என் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து ஒரு பெரிய பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கருப்பாயி நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"எதுக்குடி இம்புட்டுப் பெரிசு? வீட்டுல விசேஷமா?"

"நான் போனா நீங்கதானே பொறுக்கணும் அக்கா. எனக்குக் காலு நீளமுங்க."