வாத்தக்காவின் இறகுத் தாங்கி

"மூணாவது வரி படிங்க" என்று சொல்லிவிட்டு வாத்தக்கா தெருவுக்கு ஓடிவிட்டார். அது எனக்குத் தெரியாது. சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, மூன்றாவது வரி, நான்காவது வரி, கடைசியில் அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் முதுகுக்குப் பின்னாலிருந்த காலி இடத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பார்வை பிரமாதம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட வேளையில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கையில் ஒரு சாம்பல் நிற இறகு. அதை மேலுதட்டில் ஒருமுறை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"புறா. வெத்து." இறகு குப்பைக்கூடைக்குப் போனது. "சரி, எந்த வரியில விட்டோம்?"

வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக் கடை அவருடையது. கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும், தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், மேசை இழுப்பறையில் அவர் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். ஊரிலுள்ள பாதிப் பேரின் கண் அளவு அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கடைக்குப் பூட்டு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பின்னால் இருக்கும் மைதானத்தில், எங்கள் வில்வித்தைக் குழுவோடு அம்பு விட்டுக்கொண்டிருப்பார். நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். நான் விட்ட அம்புகளில் பாதி இன்னமும் புல்லுக்குள்ளேதான் இருக்கின்றன, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அவர் வைத்திருப்பது பழைய மாதிரி மர வில். சக்கரமோ குறிபார்க்கும் குழலோ கிடையாது. பிடிக்கு மேலே, அம்பு படுத்துக்கொள்ள, விரல் அகலத்தில் ஒரு சின்ன மேடை உண்டு. எல்லோரும் அந்த இடத்தில் கடையில் விற்கும் பிளாஸ்டிக் தாங்கியை ஒட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்க்கிறோம். வாத்தக்கா ஒட்டுவது இறகு. வான்கோழியின் சிறகிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு, இழைகள் அம்பு போகும் திசைக்குச் சாய்ந்தபடி.

"அம்பு வில்ல விட்டுக் கிளம்புற அந்தக் கடைசி நொடியில எது மேல படுத்திருக்குங்கிறதுதான் விஷயம், எழுத்தாளரே! மெத்தையில படுத்து எந்திரிச்சவனும் கருங்கல்லுல படுத்து எந்திரிச்சவனும் ஒரே மாதிரியா நடப்பான்? உங்க பிளாஸ்டிக் 'சர்ர்ர்'னு கத்துது. என் இறகு மூச்சு விடுதா பாருங்க!"

உண்மையிலேயே மூச்சு விடாது. ஆனால் அவர் விடுவார், விட்டுக்கொண்டே இருப்பார். கண் பரிசோதனைக்கு வந்து இறகுப் பாடம் கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

கணவர் கடையின் பின்னறையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பவர், சாது. "கல்யாணம் ஆனப்ப இவளுக்கு றெக்கை இல்ல சார், நடுவுலதான் முளைச்சுது" என்பார். துணி துவைக்கும் இயந்திரத்தில் அவர் சட்டையோடு சேர்ந்து எட்டு இறகுகள் சுற்றியதைப் பார்த்தபோதும் அதிகம் பேசவில்லையாம். மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் சம்பந்தி வீட்டில் தங்கப்போன வாத்தக்கா, விருந்தாளித் தலையணைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாராம். காலையில் அறைக்கதவைத் திறந்த சம்பந்தியம்மாவுக்குத் தும்மல் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. "எல்லாம் குட்டிக் குட்டி வயித்து இறகு, ஒண்ணுக்கும் உதவாது" என்று வாத்தக்கா இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார். நல்ல இறகுக்காக ஏரிக்கரை வாத்துகளோடு தினமும் காலையில் பேச்சுவார்த்தை நடத்துகிறார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

இவருக்கு ஒரே ஒரு எதிர்க்கட்சி: கணவரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர், இடக்கைக்காரர், விறைப்பானவர். வில்லைத் தூக்கினால் மைதானமே வரிசையில் நிற்கும். இவருக்கு வாத்தக்காவின் இறகு பெரிய தலைவலி. "கோழிக் குப்பையெல்லாம் கொண்டாந்து வில்லுல ஒட்டிக்கிட்டு! நாளைக்கு முட்டையும் போடுமா?" என்பார். வாத்தக்கா உடனே, "அண்ணி, ஒரே ஒரு தடவ என் இறகு வச்சு விட்டுப் பாருங்க. ஒரே தடவ!" என்பார். "போம்மா அந்தப் பக்கம்." இந்த உரையாடல் ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் நடக்கிறது. இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

போன மாதம் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு இடம் வந்து விழுந்தது. ஊர்களுக்கிடையிலான போட்டிக்கு எங்கள் குழுவிலிருந்து நான்கு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு இந்த இரண்டு பேர். வாத்தக்கா ஆறு வருஷமாக உபரி ஆட்டக்காரராகவே போய்த் தண்ணீர் பாட்டில் சுமந்து திரும்பியவர். "இந்த வருஷம் நான் நின்னு அம்பு விடணும், எழுத்தாளரே. ஒரு தடவயாவது அந்தக் கோட்டுல என் கால் படணும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. குழுச் சட்டையை முன்கூட்டியே அளவு கொடுத்துத் தைத்தும் வைத்துவிட்டார்.

ஆளுக்கு ஆறு அம்பு, மாற்றி மாற்றி விட வேண்டும். எங்கள் செயலாளரான பல் மருத்துவர் கழுத்தில் விசிலோடு நடுவராக நின்றார். மதிப்பெண் எழுதியது நான். எனக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய ஒரே வேலை அதுதான். ஐந்து அம்பு முடிந்தபோது வாத்தக்கா நாற்பத்து மூன்று, நாத்தனார் நாற்பத்தொன்று. ஆறாவது அம்பை நாத்தனார் நாணில் பூட்டினார். டக்! அவருடைய பிளாஸ்டிக் தாங்கி அடியோடு ஒடிந்து புல்லில் விழுந்தது. மாற்றுத் தாங்கி கொண்டுவரவில்லை. நாங்கள் நீட்டியதெல்லாம் வலக்கைக்காரர் தாங்கிகள், அவருடைய வில்லுக்குப் பொருந்தாது.

"பத்து நிமிஷம் தர்றேன். சரி பண்ண முடியலைன்னா அந்த அம்புக்கு முட்டைதான்" என்றார் பல் மருத்துவர்.

வாத்தக்கா சும்மா நின்றாலே போதும், இடம் அவருடையது. ஆனால் நாத்தனார் வில்லைப் பார்த்தார், ஒடிந்த தாங்கியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, உன் கோழி இறகையே ஒட்டித் தொலை" என்றார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒன்பது வருஷக் காத்திருப்பு. வாத்தக்கா சிறு பிள்ளைபோல ஒரு குதி குதித்துவிட்டு, கண்ணாடிக் கூட்டைத் திறந்து பசைக்குழாயையும் பிளேடையும் எடுத்தார். இறகுப் பையைக் கொட்டினார். கொட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ! எல்லாம் வலச்சிறகு!"

பறவையின் வலச்சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், இடச்சிறகு இறகு மறு பக்கம் வளையும். தாங்கி அம்பை அணைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு மற்றது. வாத்தக்கா தன் கைக்குத் தோதானதை மட்டுமே பையில் போட்டு வருவார். மற்றதையெல்லாம் வீட்டில் அம்பு வாலுக்கு ஒட்டிவிடுவார். ஆக, அந்த மைதானத்தில் இடச்சிறகு இருந்தது அவர் அம்புகளின் வாலில் மட்டும்தான். ஐந்து அம்பு அங்கே இலக்கில் குத்தி நிற்கின்றன. போட்டி முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது. தூணியில் மிச்சம் ஒரே ஒரு அம்பு. கடைசி அம்பு.

"அக்கா, வேணாம்! மூணு இறகுல ஒண்ணு போனா அம்பு நேரா போகாது" என்று நான் கத்தியே விட்டேன்.

"நீங்க மார்க்க எழுதுங்க!" அவர் பிளேடை வைத்து, தன் அம்பின் வாலிலிருந்து ஒரு இறகைப் பழத்தோல் போலச் சீவி எடுத்தார். நாத்தனாரின் வில் மேடையைத் துடைத்து, பசை தொட்டு, இழை முன்பக்கம் சாயும்படி ஒட்டி, வாயால் ஊதினார், விசிறினார், மறுபடி ஊதினார். ஊதும் அவசரத்திலும் பாடத்தை விடவில்லை. "எதிர்த்திசையில ஒட்டிட்டா அம்பு உதறும் அண்ணி, பாத்துக்கங்க, நாளைக்கு நீங்களே ஒட்டணும்." எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

நாத்தனார் கோட்டில் நின்றார். இழுத்தார். விட்டார். சத்தமே இல்லை. அம்பு நடு மஞ்சளில் போய் உட்கார்ந்தது. பத்து! மொத்தம் ஐம்பத்தொன்று. இனி வாத்தக்கா ஒன்பது எடுத்தால் ஜெயிப்பார். பல் மருத்துவர் விசிலை ஊதி, "முப்பது நொடி! அடுத்த அம்பு!" என்றார்.

வாத்தக்காவின் வில் புல்லில் கிடந்தது. அவர் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சா அண்ணி? கேக்கலல்ல? கேக்காது! நான் சொல்லல?"

"இருபது!"

விறைப்பான அந்த டிரில் டீச்சர் கட்டிப்பிடித்த கையை விலக்கினார். குனியத் தோதாகத் தன் வில்லைத் தம்பி மனைவியின் கையில் திணித்துவிட்டு, கீழே கிடந்த ரெண்டு இறகு அம்பைத் தானே குனிந்து எடுத்து நீட்டினார். "அடியே, உன் அம்பு பாக்கி இருக்கு! போய் நில்லு! ஓடு!"

"பன்னெண்டு!" நாங்கள் எல்லோரும் கோட்டைக் காட்டிக் கத்தினோம்.

"இருங்க அண்ணி, ஒரு இழை கலைஞ்சிருக்கு" என்று சொல்லி வாத்தக்கா இலக்குக்கு முதுகைக் காட்டிப் புல்லில் உட்கார்ந்தார். நாத்தனாரின் வில்லை மடியில் சாய்த்துக்கொண்டு, சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, அந்த இறகை நிதானமாக நீவிவிட ஆரம்பித்தார்.